எழுத்தைச் சுற்றிக் கறுப்பு ஓரம், சிவப்பில் ஆரஞ்சுச் சாயல்: வீடியோ மேல் கிராஃபிக்ஸ் ஏற்றும்போது நிறம் கெடுவது எங்கே?

கேள்வி இதுதான். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைபட மென்பொருளில் ஒரு பெயர்ப்பட்டை செய்திருக்கிறீர்கள்: சிவப்பு லோகோ, வெள்ளைத் தமிழ் எழுத்து, அடியில் மென்மையான நிழல். பின்னணி இல்லாமல் பிஎன்ஜி படங்களாக எடுத்து, எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ கருவியின் ஓவர்லே ஃபில்டர் (ஒரு படத்தை இன்னொன்றின் மேல் வைப்பது) வழியாக 1080 வீடியோவின் மேல் ஏற்றுகிறீர்கள். எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்தாற்போல் ஒரு கறுப்பு ஓரம் வருகிறது. லோகோவின் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாய்கிறது. பட்டை உள்ளே வரும்போது வழுக்கி வராமல் தத்தித் தத்தி வருகிறது. பிட்ரேட்டை (நொடிக்கான தரவு அளவை) இரண்டு மடங்காக்கியும் எதுவும் மாறவில்லை.

மாறாது. பிட்ரேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் சொல்லும் மூன்றும் தனித்தனிக் கோளாறுகள். ஒரே இடத்தில் கைவைத்து மூன்றையும் தீர்க்க முடியாது. ஒன்றைச் சரிசெய்ததும் மற்ற இரண்டும் அப்படியே இருப்பதைப் பார்த்து, 'இது வேலைக்கு ஆகவில்லை' என்று செய்த திருத்தத்தையும் பலர் கலைத்துவிடுகிறார்கள். அதனால் முதலில் ஃப்ரேமை நிறுத்தி, நானூறு சதவீதம் பெரிதாக்கி, கோளாறு எங்கே தெரிகிறது என்று பாருங்கள். விளிம்பில் மட்டும் என்றால் ஆல்ஃபா (பிக்சல் எவ்வளவு தெரிய வேண்டும் என்ற தகவல்) சங்கதி. லோகோவின் நடுப்பகுதியிலும் நிறம் தவறு என்றால் மேட்ரிக்ஸ் (நிறத்தை மாற்றும் பெருக்கல் பட்டியல்) அல்லது ரேஞ்ச் (கறுப்பு, வெள்ளையின் எல்லை). ஒன்றுமே இருக்கக்கூடாத வெற்று இடத்தில் லேசான கட்டம் தெரிந்தால் கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) அல்லது ஆல்ஃபாவின் அளவு. நகரும்போது மட்டும் என்றால் குரோமா (வெளிச்சம் நீங்கலான நிறத் தகவல்).

கறுப்பு ஓரத்திலிருந்து தொடங்குவோம். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

ஒளி ஊடுருவும் ஒரு பிக்சலை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். நிறத்தை முழுசாக வைத்துவிட்டு, 'இது பாதிதான் தெரிய வேண்டும்' என்று ஆல்ஃபாவில் தனியாகக் குறிப்பது ஸ்ட்ரெய்ட். நிறத்தை ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கி, ஏற்கெனவே மங்கவைத்துச் சேமிப்பது ப்ரீமல்டிப்ளைடு. இந்த இரண்டாவது முறையை 1984-இல் லூகாஸ்ஃபில்மில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் முறையாக எழுதிவைத்தார்கள். கணக்குக்கு அதுதான் எளிது, ஃபில்டர் அடிக்கவும் அதுதான் சரி. இரண்டில் எதுவும் தப்பில்லை. எழுதுகிறவர் ஒன்றை நினைத்து, படிக்கிறவர் இன்னொன்றை நினைத்தால்தான் வம்பு.

உங்கள் வெள்ளை எழுத்தின் விளிம்பில் பாதி ஊடுருவும் ஒரு பிக்சலை எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரெய்ட் முறையில் அதன் மதிப்பு 255, ஆல்ஃபா பாதி. ப்ரீமல்டிப்ளைடு முறையில் மதிப்பே 128, ஆல்ஃபா அதே பாதி. இதை ஸ்ட்ரெய்ட் என்று நினைத்துப் படிக்கும் மென்பொருள் 128-ஐ மறுபடியும் பாதியாக்கி 64 ஆக்கும். பின்னணி வெள்ளையாக இருந்தால் அதன் பாதி 128 சேர்ந்து சுமார் 192 வரும். வெள்ளைமேல் வெள்ளை, 255 வர வேண்டிய இடத்தில் சாம்பல். அதுதான் நீங்கள் பார்க்கும் அழுக்கு. நிறம் இரண்டு முறை ஆல்ஃபாவால் பெருக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். கறுப்புப் பின்னணியில் இதே கோளாறு கண்ணில் படாது. எழுத்து கொஞ்சம் மெலிந்தாற்போல் இருக்கும். 'இரவுக் காட்சியில் நன்றாக இருக்கிறது, பகல் காட்சியில்தான் அழுக்காக வருகிறது' என்று சொல்கிறவர்களுக்கு விடை இதுவே.

தலைகீழாகவும் நடக்கும். ஸ்ட்ரெய்ட் கோப்பை ப்ரீமல்டிப்ளைடு என்று படித்தால் விளிம்பு எரியும், ஒளிவட்டம் திட்டுத்திட்டாகும். ஆல்ஃபா சுழியாக உள்ள இடத்தில் மறைவாக வெள்ளை நிறம் இருந்தால், அந்தப் பகுதி முழுக்க வெள்ளைக் கட்டமாகவே வந்து நிற்கும்.

உங்கள் கோப்பு எந்த வகை என்று ஊகிக்கத் தேவையில்லை. ஆல்ஃபாவைத் தூக்கி எறிந்துவிட்டு நிறத்தை மட்டும் பாருங்கள். எஃப்எஃப்எம்பெக்கில் பிக்சல் ஃபார்மட்டை ஆர்ஜிபி24 என்று மாற்றி ஒரு ஃப்ரேம் எடுத்தால் போதும். எழுத்தின் விளிம்பு கறுப்புக்குள் மெல்லக் கரைந்து அழகாக இருந்தால் அது ப்ரீமல்டிப்ளைடு. விளிம்பு படிக்கட்டுப் போல் வெட்டுண்டு, நிழல் கெட்டியான கறைபோல் அசிங்கமாக இருந்தால் ஸ்ட்ரெய்ட். ஸ்ட்ரெய்ட் கோப்பு தனியாகப் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்க வேண்டும். அதைப் பார்த்துப் பயந்துபோய், 'ரெண்டர் கெட்டுவிட்டது' என்று பழையபடி ப்ரீமல்டிப்ளைடுக்கே திரும்புகிறவர்கள் நிறையப் பேர்.

பிஎன்ஜி வரையறைப்படி அதில் இருக்க வேண்டியது ஸ்ட்ரெய்ட் ஆல்ஃபாதான். ஆனால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் அவுட்புட் மாட்யூலில் கலர் என்ற இடத்தில் நீங்கள் கைவைக்காவிட்டால் ப்ரீமல்டிப்ளைடு என்றுதான் இருக்கும். பிஎன்ஜியாக இருந்தாலும் அப்படியே எழுதிவிடும். எஃப்எஃப்எம்பெக்கோ பிஎன்ஜி என்றதும் ஸ்ட்ரெய்ட் என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் கறுப்பு ஓரத்தின் பிறப்பிடம் அநேகமாக அங்கேதான். அந்த இடத்தில் ஸ்ட்ரெய்ட், அன்மேட்டட் என்பதைத் தேர்ந்து மறுபடி ரெண்டர் செய்யுங்கள். சேனல்ஸ் என்ற இடத்தில் ஆர்ஜிபியோடு ஆல்ஃபாவும் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும்.

மறுபடி ரெண்டர் செய்ய மூலக்கோப்பு கையில் இல்லை, வாடிக்கையாளர் கொடுத்தது இவ்வளவுதான் என்றால், ஓவர்லே ஃபில்டரிலேயே ஆல்ஃபா என்ற விருப்பத்துக்கு ப்ரீமல்டிப்ளைடு என்று மதிப்புக் கொடுக்கலாம். அல்லது அன்ப்ரீமல்டிப்ளை ஃபில்டரை இன்ப்ளேஸ் விருப்பத்தோடு முன்னால் ஓடவிடலாம். இரண்டாவது வழியில் ஒரு விலை உண்டு. 8 பிட் கோப்பில் ஆல்ஃபா 5 உள்ள நிழல் பிக்சலில் பெருக்கப்பட்ட நிறத்துக்கு 0 முதல் 5 வரை ஆறே படிகள்தான் மிஞ்சியிருக்கும். திரும்ப வகுத்தாலும் போனது வராது. வண்ண ஒளிவட்டங்களில் பட்டைபட்டையாகத் தெரியும். ஆகவே முடிந்தவரை மூலத்திலேயே திருத்துங்கள்.

எடிட்டிங் மென்பொருளில் வேலை செய்கிறவர்களுக்கும் இதே கேள்விதான், இடம்தான் வேறு. டாவின்சி ரிசால்வில் கிளிப் அட்ரிப்யூட்ஸுக்குள் ஆல்ஃபா மோடு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ்; அங்கே 'கெஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, நான் அதை நம்புவதில்லை.

விளிம்பில் வரும் இன்னொரு வகைக் கோளாறையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் லோகோவிலும் அது இருக்க வாய்ப்புண்டு. வெள்ளைத் தாளில் வரைந்த லோகோவை யாரோ ஃபோட்டோஷாப்பில் மேஜிக் வாண்ட் வைத்து வெட்டியிருப்பார்கள். விளிம்புப் பிக்சல்களில் வெள்ளை கலந்தே இருக்கும். இதை எந்த ஆல்ஃபா செட்டிங்கும் சரிசெய்யாது. வெள்ளைமேல் வைத்தால் தெரியாது, கறுப்புமேல் வைத்தால் பளிச்சென்று தெரியும். முன்னதற்கு நேர் எதிர். லேயர் மெனுவில் மேட்டிங் என்பதன் கீழ் ரிமூவ் ஒயிட் மேட், டிஃப்ரிஞ்ச் என்று இருப்பவை இதற்காகத்தான். அதைவிட நல்ல வழி, அச்சகத்திடமோ வடிவமைப்பாளரிடமோ லோகோவின் வெக்டர் கோப்பைக் கேட்டு வாங்குவது.

அளவு மாற்றும்போதும் ஓரம் முளைக்கும். ஸ்ட்ரெய்ட் கோப்பைச் சின்னதாக்கும்போது பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் நிறம் சராசரியாகிறது. ஆல்ஃபா சுழியாக உள்ள, கண்ணுக்கே தெரியாத பிக்சலில் கறுப்பு ஒளிந்திருந்தால் அந்தக் கறுப்பும் சராசரியில் சேர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். எஃப்எஃப்எம்பெக்கின் ஸ்கேல் ஃபில்டர் நிறத்தையும் ஆல்ஃபாவையும் தனித்தனியாகத்தான் சுருக்குகிறது. அதற்கு இந்த ஒளிவுமறைவு தெரியாது. சில பிஎன்ஜி சுருக்கிகள் கோப்பு சின்னதாக வேண்டும் என்பதற்காக, தெரியாத பிக்சல்களின் நிறத்தையெல்லாம் கறுப்பாக்கிவிடுகின்றன. படம் அதேபோல்தான் தெரியும், அளவு மாற்றும்போதுதான் குட்டு வெளிப்படும். தீர்வு: ப்ரீமல்டிப்ளை, பிறகு ஸ்கேல், பிறகு அன்ப்ரீமல்டிப்ளை என்ற வரிசை. அல்லது பெயர்ப்பட்டையை முதலிலேயே வேண்டிய அளவில் ரெண்டர் செய்து, அளவே மாற்றாமல் வைப்பது. நான் எப்போதும் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

இனி அந்த ஆரஞ்சுச் சிவப்பு.

பிஎன்ஜியில் நிறம் ஆர்ஜிபியாக இருக்கிறது. வீடியோவில் வெளிச்சம் ஒன்று, நிற வேறுபாடு இரண்டு என்ற ஒய்யுவி வடிவில் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற ஒரு பெருக்கல் பட்டியல் வேண்டும். பழைய எஸ்டி டிவிக்கு ஒன்று (பிடி 601), எச்டிக்கு வேறொன்று (பிடி 709). எஃப்எஃப்எம்பெக்கிடம் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், ஆர்ஜிபியை மாற்றும்போது அது 601-ஐ எடுத்துக்கொள்வது வழக்கம். உங்கள் வீடியோவோ 709. இரண்டும் ஒரே ஃப்ரேமில் உட்கார்ந்ததும், பிளேயர் எல்லாவற்றையும் 709 என்றே விரிக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 255, 0, 0 என்ற சுத்தச் சிவப்பு 255, 25, 0 ஆகிவிடும். கொஞ்சம் பச்சை கலந்த சிவப்பு, அதாவது ஆரஞ்சு வாடை. சுத்தப் பச்சை 255-லிருந்து 215-க்கு இறங்கி மங்கும். வெள்ளையும் சாம்பலும் மாறவே மாறாது. அதனால்தான் உங்கள் எழுத்தில் நிறக் கோளாறு தெரியவில்லை, லோகோவில் மட்டும் தெரிகிறது. பின்னால் ஓடும் வீடியோவின் நிறமும் சரியாகவே இருக்கும். கிராஃபிக்ஸ் மட்டும் தனியாகக் கெடுவது இந்தக் கோளாற்றின் முத்திரை.

திருத்தம்: ஓவர்லேவுக்கு முன்னால் பிஎன்ஜி வரும் பாதையில் ஒரு ஸ்கேல் ஃபில்டர் வையுங்கள். அளவு மாற்ற அல்ல. அவுட் கலர் மேட்ரிக்ஸ் என்பதற்கு பிடி709 என்றும், அவுட் ரேஞ்ச் என்பதற்கு டிவி என்றும் சொல்லத்தான். உடனே அடுத்து ஃபார்மட் ஃபில்டரில் ஒய்யுவிஏ444பி (எல்லாப் பிக்சலுக்கும் நிறமும் ஆல்ஃபாவும் உள்ள வடிவம்). எஃப்எஃப்எம்பெக்கின் புதிய பதிப்புகள் இதை ஓரளவு தாமாகவே ஒத்துப்போக வைக்கின்றன. இருந்தாலும் எழுதிவிடுங்கள், நாளைக்கு வேறொரு கணினியில் பழைய பதிப்பில் ஓடும்போது ஆச்சரியம் இருக்காது.

அவுட்புட்டில் கலர்ஸ்பேஸ், பிரைமரீஸ், டிரான்ஸ்ஃபர் மூன்றுக்கும் பிடி709 என்று குறி போடச் சொல்லிப் பலரும் அறிவுரை தருகிறார்கள். போடுங்கள், நல்லதுதான். ஆனால் பெரும்பாலும் அது கோப்பின்மேல் ஒட்டும் சீட்டுதான். உள்ளே உள்ள பிக்சலை மாற்றுவதற்கானது அல்ல. உங்கள் லோகோ ஏற்கெனவே தவறாக மாற்றப்பட்டிருந்தால் சீட்டு ஒட்டுவதால் அது சரியாகாது.

ரேஞ்ச் கோளாறு இதன் தம்பி. வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235. பிஎன்ஜியில் 0, 255. ஒன்றை மற்றொன்றாக நினைத்தால், கறுப்பு சாம்பலாக வெளிறும் அல்லது நிழல் விவரமெல்லாம் மையிருட்டில் மூழ்கும். ஆல்ஃபாவுக்கு மட்டும் இந்தச் சுருக்கம் கிடையாது, அது எப்போதும் 0 முதல் 255. ஏதாவது ஒரு கட்டத்தில் ஆல்ஃபாவையும் 235-இல் அடைத்துவிட்டால் முழுக்க மறைக்க வேண்டிய பட்டை 92 சதவீதம்தான் மறைக்கும். பின்னால் நடந்துபோகிறவர் பேய்போல் லேசாகத் தெரிவார்.

மூன்றாவது, தத்தல். இதை நிறக் கோளாறோடு நீங்கள் சேர்த்திருந்தது தற்செயலாக இருக்கலாம், ஆனால் இதன் வேரும் வீடியோ நிறத்தைச் சேமிக்கும் விதத்தில்தான் இருக்கிறது. ஓவர்லே ஃபில்டரின் ஃபார்மட் விருப்பத்தை நீங்கள் சொல்லாவிட்டால் அது ஒய்யுவி420. 4:2:0 என்றால், 1920×1080 படத்தில் வெளிச்சத்துக்கு அத்தனை பிக்சலும் உண்டு, நிறத்துக்கு 960×540 மட்டுமே. இரண்டுக்கு இரண்டு என நான்கு பிக்சலுக்கு ஒரே நிறம். எனவே ஒற்றைப்படை இடத்தில் கிராஃபிக்ஸை வைத்தால் நிறமும் வெளிச்சமும் விலகிவிடும் என்று, ஃபில்டர் நீங்கள் கொடுக்கும் இடத்தை இரட்டைப்படைக்கு இறக்கிவிடுகிறது. ஃப்ரேமுக்கு ஒரு பிக்சல் நகர வேண்டிய பட்டை, ஒரு ஃப்ரேம் நின்று, அடுத்ததில் இரண்டு பிக்சல் தாவும். ஃபார்மட்டை ஒய்யுவி444 என்று மாற்றினால் இந்த இறக்கம் போய்விடும். ஆனாலும் முழு எண்களில்தான் நகரும். அரைப் பிக்சல் நகர்வு ஓவர்லேயில் கிடையாது. மெதுவான அசைவு வேண்டுமென்றால் அசைவை ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குள்ளேயே செய்து, முழு 1920×1080 ஃப்ரேமாக எடுத்து, 0, 0 என்ற இடத்தில் அசையாமல் ஏற்றுங்கள். ஃபில்டரில் சூத்திரம் எழுதி நகர்த்துவது கெட்டிக்காரத்தனமாகத் தெரியும், படம் அவ்வளவு அழகாக வராது.

கூடவே ஃப்ரேம் ரேட்டையும் பாருங்கள். பிஎன்ஜி வரிசையைப் படிக்கும்போது நீங்கள் சொல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் நொடிக்கு 25 என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் வீடியோ 30 என்றால் தத்தலுக்கு இன்னொரு காரணமும் கூடிவிட்டது.

4:2:0 நிறத்தையும் கெடுக்கும், குறிப்பாக மெல்லிய வண்ண எழுத்தில். 709 கணக்கில் சிவப்பின் வெளிச்சப் பங்கு சுமார் 21 சதவீதம், நீலத்தினுடையது 7 சதவீதம். கருநீலப் பட்டைமேல் சிவப்பு எழுத்து வைத்தால் இரண்டுக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைவு. எழுத்தின் கூர்மை முழுக்க நிறத்தை நம்பியே நிற்கிறது, அந்த நிறமோ பாதி அளவில். ஓரம் கசியும். தமிழ் எழுத்துக்கு இது கூடுதல் தொல்லை: சின்ன அளவில் ஒரு மெய்யெழுத்தின் புள்ளி நாலைந்து பிக்சல் அகலம்தான், நிறத்தில் அது இரண்டு. ணகரத்தின் சுழிகளுக்குள் இருக்கும் வெற்றிடமும் அடைபட்டுப்போகும். யூடியூப் எப்படியும் 4:2:0 ஆகத்தான் காட்டும், நீங்கள் 444-இல் ஏற்றினாலும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். ஆனால் 444-இல் கலந்து கடைசியில் ஒரே ஒரு முறை 420 ஆக்குவதற்கும், ஏற்கெனவே நிறம் பாதியான இரண்டைக் கலப்பதற்கும் விளிம்பில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். மற்றபடி வடிவமைப்பில்தான் தீர்வு: வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் எழுத்து, கருத்த பட்டை, கொஞ்சம் தடித்த எழுத்துரு. டிவிக்காரர்கள் காலங்காலமாக இப்படியே செய்வது ரசனைக் குறைவால் அல்ல.

பிஎன்ஜி வரிசை இடத்தை அடைக்கிறது என்று வேறு கோப்புக்கு மாறப்போகிறீர்கள் என்றால், ஆல்ஃபாவையும் சேர்த்து வைக்கும் ப்ரோரெஸ் 4444 எடுங்கள். எஃப்எஃப்எம்பெக்கில் ப்ரோரெஸ் கேஎஸ் என்கோடரில் 4444 ப்ரொஃபைலைச் சொல்வதோடு, பிக்சல் ஃபார்மட் ஒய்யுவிஏ444பி10எல்இ என்றும் சொல்ல வேண்டும்; நடுவில் உள்ள அந்த 'ஏ'தான் ஆல்ஃபா, அது விட்டுப்போனால் பின்னணி கறுப்பாகிவிடும். வெப்எம் கோப்பில் விபி9 ஆல்ஃபா இணையப் பக்கத்துக்கும் நேரலைக்கும் வசதி, ஆனால் அதன் ஆல்ஃபா வடிவம் 4:2:0 நிறத்தோடுதான் வருகிறது. ஆல்ஃபாவும் இழப்புச் சுருக்கத்துக்கு உட்படுவதால், சுழியாக இருக்க வேண்டிய இடத்தில் 1, 2 என்று மிச்சம் இருந்து, வெற்று இடத்தில் மங்கலான கட்டம் தெரியும். தவிர, எஃப்எஃப்எம்பெக்கின் சொந்த விபி9 டிகோடர் ஆல்ஃபாவைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் பதிப்புகள் பல. உள்ளீட்டுக் கோப்புக்கு முன்னால் லிப்விபிஎக்ஸ் விபி9 என்று டிகோடரைக் குறிப்பிட்டால் ஆல்ஃபா கிடைக்கும். சாதாரண எச்264 எம்பி4-இல் ஆல்ஃபா எதிர்பார்க்க வேண்டாம்.

பின்னணி வீடியோ ஐஃபோனில் எடுத்ததா என்று நீங்கள் சொல்லவில்லை. எடுத்திருந்தால், அது எச்டிஆராக (கூடுதல் வெளிச்ச வீச்சுள்ள வீடியோவாக) இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மேலே சொன்ன கணக்கெல்லாம் சாதாரண எஸ்டிஆருக்கானது. எச்டிஆருக்கு எச்எல்ஜி, பிக்யூ என்று இரண்டு வெளிச்ச வளைவுகள் உண்டு. எச்எல்ஜி வளைவில் கிராஃபிக்ஸின் வெள்ளை 75 சதவீதத்தில் உட்கார வேண்டும், பிக்யூவில் 58 சதவீதத்தில். ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் அறிக்கையில் அதற்கு 203 நிட்ஸ் வெளிச்சம். உங்கள் பிஎன்ஜியின் 255-ஐ அப்படியே தூக்கி வைத்தால் எழுத்து கண்ணைக் கூசும், லோகோ நிறம் மிட்டாய் நிறமாகும். பெயர்ப்பட்டை போடுகிற சாதாரண வேலைக்கு, வீடியோவை முதலில் எஸ்டிஆராக இறக்கிவிட்டுப் பிறகு ஏற்றுவதே சுலபம்.

இத்தனைக்கும் பிறகு ஓரம் சுத்தமாகி, சிவப்பு சிவப்பாகி, நிழல் மட்டும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் பார்த்ததுபோல் இல்லை என்றால், அங்கே ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் 1.0 காமாவில், அதாவது நேரியல் ஒளியில், கலக்கச் சொல்லும் பெட்டி டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கறுப்புமேல் பாதி ஊடுருவும் வெள்ளையைச் சாதாரணமாகக் கலந்தால் 128 வரும், நேரியல் ஒளியில் கலந்தால் 188. எஃப்எஃப்எம்பெக்கின் ஓவர்லே முதல் வகை. உங்கள் ப்ராஜெக்ட் இரண்டாவது வகையில் இருந்தால், ஸ்ட்ரெய்ட்டோ ப்ரீமல்டிப்ளைடோ எதை எடுத்தாலும் நிழலின் அடர்த்தி ஒத்துவராது. அந்த டிக்கை எடுத்துவிட்டு, நிழலின் ஒபாசிட்டியைக் கண்ணுக்குப் பிடித்தமாதிரி மறுபடி அமைத்து, அதற்குப் பிறகு ரெண்டர் கொடுங்கள்.